கல்லைப் பிளந்த ஆப்பு

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலைக் கண்டு வியந்திருப்பீர்கள். கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள் என்று பலர் கையில் இருந்த இக்கோட்டையை 1677-இல் சிவாஜியும், 1698-இல் மொகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும் கைப்பற்றினர். இவையெல்லாம் நாம் பாடத்தில் படித்தவை. ஆனால் இத்தனை கல்லையும் உடைத்தது எப்படி?

செஞ்சிக் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. அவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இத்தகைய கல்லை நாம் "வெட்டுகிறோம்" என்கிறோம். உண்மையில் அதைப் பிளக்கிறோம். கருங்கல் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஆனால் இழுவிசைக்கு எளிதில் இடம் கொடுத்துவிடும். அதன் இழுவலிமை, அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவே.

வெடிமருந்து இல்லாத காலத்தில் கல்தச்சர் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினர். பாறையின் மீது கோடு போட்டு, அதன் வழியே உளியால் வரிசையாகக் குழிகள் எடுப்பார்கள். ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்பு ஆப்பு. சம்மட்டியால் ஒன்றன்பின் ஒன்றாக, சிறிது சிறிதாக அடித்துச் செல்வார்கள். அடியின் ஓசை மாறும்போது கல் விடத் தொடங்கிவிட்டது என்று அறிவார்கள். பிறகு கடப்பாரையால் நெம்பிப் புரட்டுவார்கள். பழைய நிலக்கரிச் சுரங்கங்களிலும் இதே ஆப்புதான் கரியைப் பெயர்த்தது. "ஆப்பசைத்த குரங்கு" என்று நாம் இன்றும் சொல்கிறோம் அல்லவா? தொழில் மறந்தாலும் சொல் மறக்கவில்லை!

கருங்கல்லில் உளிமுனை விரைவில் மழுங்கும். ஆகவே கல்தச்சருக்குப் பின்னால் கொல்லர் ஒருவரும் வேண்டும். அவர் துருத்தி ஊதி, கரி நெருப்பில் உளியைக் காய்ச்சி அடித்து, நீரில் தோய்ப்பார். இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். தோய்ச்சல் மிகுந்தால் முனை ஒடியும், குறைந்தால் வளையும். பதத்தை அவர் இரும்பின் நிறம் பார்த்தே அறிந்தார்.

கல்தச்சருக்கு இன்னொரு பகையும் உண்டு. அதுதான் தூசி. கருங்கல்லில் படிகக்கல் என்னும் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்துகள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தரும். இந்நோயை முழுமையாகக் குணப்படுத்த மருந்தில்லை. கைஉளியைவிட இன்றைய துளைப் பொறியும் அறுவை இயந்திரமும் மிக அதிகமாக நுண்தூசியைக் கிளப்புகின்றன. வேலை விரைந்தது, ஆபத்தும் வளர்ந்தது. கல்லை நீரால் நனைத்துக்கொண்டே வேலை செய்தால் தூசி பெரிதும் அடங்கும். தகுந்த முகக் கவசமும் தேவை.

2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று. அடுத்த முறை அங்கே போகும்போது மதிலின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பாறை விளிம்புகளையும் உற்றுப் பாருங்கள். வரிசையாகச் சிறு குழிகள் தென்பட்டால், அவை ஆப்பு இறங்கிய தடங்களாக இருக்கலாம். உங்கள் ஊரில் கல் உடைப்பவர் இருந்தால் அவருடைய கருவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை செய்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.