நாற்காலியும் வரலாறும்: மார்ட்டின் பொய்ஸின் சிற்பங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு காலத்துச் சமுதாயத்தின் எண்ணங்களை அறிவதற்குக் கல்வெட்டும் ஏடும் போலவே மக்கள் பயன்படுத்திய பொருட்களும் சான்றாகின்றன. 20ஆம் நூற்றாண்டின் நவீனத்துவ வடிவமைப்பாளர் ஆக்கிய தளபாடங்களும் இத்தகைய சான்றுகளே. அவற்றை மீளக் கையாண்டு சிற்பம் படைப்போருள், 1967இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த மார்ட்டின் பொய்ஸ் குறிப்பிடத்தக்கவர். அவருடைய ஆக்கங்களை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1919இல் ஜேர்மனியின் வைமார் நகரில் தோன்றிய பௌஹவுஸ் கலைக்கூடம் கலையையும் கைத்தொழிலையும் இணைக்க முற்பட்டது. இயந்திர உற்பத்தியின் துணையால் நல்ல பொருள் யாவர்க்கும் குறைந்த விலையிற் கிடைக்க வேண்டும் என்ற கனவு நவீனத்துவ வடிவமைப்பாளரிடையே வளர்ந்தது. அமெரிக்காவில் அக்கனவைப் போற்றியோர் சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது காயமுற்ற வீரரின் காலுக்குக் கட்டப்பட்ட உலோகத் தாங்கிகள் அதிர்ந்து வேதனையைப் பெருக்கின. ஈம்ஸ் தம்பதியர் ஒட்டுப்பலகையை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் வளைத்துப் புதிய கால்தாங்கியை ஆக்கினர். 1942இல் அமெரிக்கக் கடற்படை அதனை ஏற்றது. அதிற் பெற்ற அனுபவமே யுத்தத்தின் பின்னர் அவர்களுடைய புகழ்பெற்ற நாற்காலிகளுக்கு அடிப்படையாயிற்று.

காலப்போக்கில் இப்பொருட்களின் நிலை மாறியது. அக்காலத்து மூலப்பிரதிகள் ஏலத்திற் பெருவிலை பெற்றன. யாவர்க்குமென எண்ணப்பட்டவை வசதி படைத்த சிலரின் சேகரிப்பாயின.

பொய்ஸின் பணி இம்முரண்பாட்டிலிருந்தே தொடங்குகின்றது எனலாம். ஈம்ஸின் கால்தாங்கியை அவர் சடங்கு முகமூடி போன்று மாற்றியமைத்தார். டென்மார்க்கின் ஆர்ன் ஜேக்கப்சன் 1955இல் வடிவமைத்த நாற்காலியைத் துண்டாக்கி, அலெக்சாண்டர் கால்டரின் அசையும் சிற்பங்களை நினைவூட்டும் வகையில் தொங்கவிட்டார். 1925ஆம் ஆண்டுப் பரிஸ் பொருட்காட்சிக்காக மார்ட்டெல் சகோதரர் கொங்கிறீற்றால் ஆக்கிய மரங்களின் வடிவிலிருந்து ஓர் எழுத்துருவையே உருவாக்கினார். 2011இல் அவருக்கு டேர்னர் பரிசு கிடைத்தது.

பழம்பொருளை வெட்டுதல் வரலாற்றை அழிப்பதாகாதா என்று வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று, வெட்டப்பட்ட பொருள் மீளாது. ஆயினும் கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்ட கால்தாங்கியில் நாம் பெரிதும் காண்பது அதன் அழகையே; அது தாங்கிய காயம் மறைந்துவிடுகின்றது. முகமூடியாகி நம்மை நோக்கும்போது அக்காயம் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. இவ்வகையிற் பொய்ஸ் செய்வது வரலாற்றாசிரியரின் பணியே.

எனினும் இச்சிற்பங்களும் கலைக்கூடங்களையும் சேகரிப்பாளரையுமே சென்றடைகின்றன. நாற்காலிக்கு நேர்ந்த கதியை அவற்றாலும் முற்றாகத் தவிர்க்க இயலவில்லை. நல்ல பொருள் யாவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்ற கனவு நிறைவேறாமல் நிற்பதை இது புலப்படுத்துகின்றது. அக்கனவு தவறியமைக்குக் காரணம் வடிவமைப்பன்று. பொருளை உடைமையாக்கும் சமுதாய அமைப்பே என்பது எமது துணிபு.