எண்ணாயிரம் கல்லூரியும் ஓர் ஆசிரியையின் ஓராண்டும்

எம் மேல்மலையனூர்ப் பகுதியில் செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கேட்டால் சிறுபிள்ளையும் கதை சொல்லும். ஆனால் இதே விழுப்புரம் மாவட்டத்தில், எண்ணாயிரம் என்னும் ஊரில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி நடந்தது என்றால் படித்தவர்களே புருவம் உயர்த்துகிறார்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று அதன் கணக்கைத் தருகிறது. இளநிலை மாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர், கற்பிக்க ஆசிரியர் 14 பேர். நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்கூட நாழிக் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும் பயிற்றிய அவ்விடத்தில் பெண்ணுக்கு மாணாக்கர் வரிசையிலும் இடமில்லை, ஆசிரியர் வரிசையிலும் இடமில்லை.

இத்தகைய பழைய கல்விச்சாலைகளை ஆராய்ந்து எழுதிய முன்னோடிகளுள் ஒரு பெண்மணியும் உண்டு. காஞ்சியின் கடிகையைப் பற்றியும் பாகூர்ச் செப்பேடு கூறும் வித்தியாஸ்தானத்தைப் பற்றியும் படிக்க விழைவோர் இன்றும் அவருடைய நூலைப் புரட்டாமல் இருக்க இயலாது. அவர் கடாம்பி மீனாட்சி. கல்விச்சாலைகளின் வரலாற்றை எழுதியவருக்கு ஒரு கல்விச்சாலையில் ஆசிரியப் பணி கிட்டிய வரலாறு தனியே சொல்லத்தக்கது.

1905-இல் சென்னையில் பிறந்த மீனாட்சி, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வரலாறு பயின்று 1929-இல் பட்டம் பெற்றார். முதுகலை பயில அவர் விரும்பிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியோ அன்று ஆடவர் கல்லூரி. நிர்வாகம் தயங்கியது. அவருடைய சகோதரர் இலட்சுமிநாராயணன், தங்கையைத் தாம் பார்த்துக்கொள்வதாக உறுதி கூறிய பிறகே இடம் கிடைத்தது. தகுதிச் சான்றிதழோடு சகோதரனின் உறுதிமொழியும் வேண்டியிருந்த காலம் அது.

பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் வழிகாட்டுதலில் பல்லவர் ஆட்சியையும் சமுதாய வாழ்வையும் ஆராய்ந்தார். 1936-இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகம் தோன்றியது 1857-இல்; அதில் முனைவரான முதல் பெண் இவரே. இடையில் கழிந்தவை 79 ஆண்டுகள். 1938-இல் அந்த ஆய்வைப் பல்கலைக்கழகமே நூலாக வெளியிட்டது.

நூல் வந்தது, ஆசிரியப் பதவி? அது 1939-இல், சென்னையில் அன்று, மைசூர்த் திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் ஆதரவால் பெங்களூர் மகாராணி கல்லூரியில் துணைப் பேராசிரியராகக் கிடைத்தது. அதுவும் ஒரு மகளிர் கல்லூரிதான். 1940 மார்ச்சில், தம் 34-ஆம் வயதில், மீனாட்சி காலமானார். காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயிலின் சிற்ப வரிசைகளைப் பல்லவர் வரலாறாக வாசித்து அவர் எழுதிய நூலை, இந்தியத் தொல்லியல் துறை 1941-இல் வெளியிட்டபோது அவர் உயிருடன் இல்லை.

மகளிர் கல்லூரிகளைக் குறைத்து மதிப்பிடுவது எம் நோக்கமன்று. 1914-இல் டொரோத்தி டி லா ஹே தலைமையில் இராணி மேரிக் கல்லூரியும், 1915-இல் எலினார் மெக்டூகல் தலைமையில் மகளிர் கிறித்தவக் கல்லூரியும் சென்னையில் தோன்றியிராவிடில், பெண் விரிவுரையாளர் என்ற ஓர் இனமே இங்கு உருவாகியிருக்குமா என்பது ஐயம். ஆயினும் அந்தக் கதவு ஓர் எல்லைக்கோடாகவும் ஆனது என்பதே எம் கருத்து. பெண்களுக்குக் கற்பிக்கப் பெண் வேண்டும் என்று சமுதாயம் ஒப்புக்கொண்டது. ஆய்வு மாணவர்களை உருவாக்கவும் பெண் வேண்டும் என்று ஒப்புக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது.

தாவரவியலறிஞர் ஈ. கே. ஜானகி அம்மாளின் வாழ்வும் இதற்குச் சான்று. இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் அறிவியல் முனைவரானவர். திருவனந்தபுரத்தில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராக இருந்தார். அதன்பின் அவரது பெரும்பணி கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் இங்கிலாந்தின் ஆய்வுத் தோட்டங்களிலும் இந்தியத் தாவரவியல் கழகத்திலும் கழிந்தது, வகுப்பறையில் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுபெற்ற மதிப்புறு அறிஞராக அமர்ந்தபோது ஆண்டு 1970. அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.

ஆசிரியப் பதவி என்பது சம்பளம் மட்டுமன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் பெயர் இன்றும் நம் நாவில் நிற்பதற்கு உ.வே.சா. என்ற மாணாக்கர் பெருங்காரணம். ஆசான் விட்டதை மாணாக்கன் தொடர்கிறான், திருத்துகிறான், பெயர் சொல்கிறான். மீனாட்சிக்கு அந்த மாணாக்கர் வழி அமையவில்லை. ஓராண்டுக் காலத்தில் எந்த ஆசிரியர்க்குத்தான் அமையும்? இழப்பில் மரணத்தின் பங்கு உண்டு. பட்டத்துக்கும் பதவிக்கும் இடையில் கழிந்த மூன்று ஆண்டுகளின் பங்கும் உண்டு.

இன்றைய நிலை வேறு. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் ஏறத்தாழ 15.98 இலட்சம் பேரில் பெண்கள் 43.4 விழுக்காட்டினர். பதவி உயர உயர அவர்களின் பங்கு சுருங்குகிறது என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டுகிறது. உதவிப் பேராசிரியர் அறையில் நிறைந்திருக்கும் பெண்களைத் துறைத்தலைவர் கூட்டத்தில் தேட வேண்டியிருப்பது எம்மைப் போன்றவர்க்குப் புதிய செய்தியன்று.

எம் வகுப்பில் சங்கப் பெண்பாற் புலவர் பெயர்களைக் கேட்டால் மாணவியர் மளமளவென்று அடுக்குவர். தேர்வில் அது வரும். கடாம்பி மீனாட்சி யார் என்றால் அமைதி. காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயில் திருச்சுற்றில், நந்திவர்மப் பல்லவமல்லன் அரியணை ஏறும் சிற்பங்களுக்கு முன் வழிகாட்டிகள் சொல்லும் கதையில் பெரும்பகுதி அவர் வாசித்தளித்ததே. பலமுறை அங்குச் சென்றிருக்கிறோம். எவரும் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.