நடந்தவர்கள் போட்ட பாதை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஒரு கடற்கரைப் பாதை இருக்கிறது. சோமர்செட்டின் மைன்ஹெட் ஊரில் தொடங்கி, டெவன், கார்ன்வால் என்று கரையைச் சுற்றிவந்து, டோர்செட்டில் பூல் துறைமுகத்தின் வாயிலில் முடிகிறது. மொத்தம் 630 மைல். வரைபடத்தில் பார்த்தால் மெரினாவில் காற்று வாங்குகிற மாதிரி சுகமான நடை என்று தோன்றும். நடந்தால்தான் தெரியும். குன்றின் மேல் ஏற வேண்டும், உடனே அடுத்த சிறு குடாவுக்கு இறங்க வேண்டும், மறுபடியும் ஏற வேண்டும். எல்லா ஏற்றங்களையும் கூட்டினால் சுமார் 35,000 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிக்கு ஏறத்தாழ நான்கு முறை ஏறிய கணக்கு.

மூச்சு வாங்கப் பாறையில் உட்காருகிற யாருக்கும் ஒரு கேள்வி வரும். எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு பாதையைப் போட்டான்? கொஞ்சம் உள்ளே தள்ளி நேராகப் போட்டிருக்கக் கூடாதா?

கூடாது. ஏன்னா, இது ஓர் ஊருக்குப் போய்ச் சேருவதற்காக உண்டான பாதை இல்லை. எட்டிப் பார்ப்பதற்காக உண்டான பாதை.

18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு தன் போர்ச் செலவுகளுக்கெல்லாம் இறக்குமதிப் பொருட்கள்மேல் வரி போட்டுக்கொண்டே போனது. தேயிலை, பிராந்தி, புகையிலை எதுவும் தப்பவில்லை. 1784 வாக்கில் தேயிலைமேல் இருந்த வரி 119 சதவீதம். அதாவது சரக்கின் விலையைவிட வரி அதிகம். சில சரக்குகளுக்குத் தடையே இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணியை உடுத்துவதுகூட 1721இல் வந்த ஒரு சட்டப்படி குற்றம். இவ்வளவு வரி, இவ்வளவு தடை இருந்தால் என்ன நடக்கும்? இரவில் படகு வரும். கார்ன்வால், டெவன் கரைகளில் குகைகளுக்கும் சிறு குடாக்களுக்கும் பஞ்சமில்லை. பிரான்ஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. படகு வந்தால் மீனவர், விவசாயக் கூலி, கடைக்காரர் என்று ஊரில் பல பேருக்குப் பங்கு.

1784இல் பிரதமர் பிட், தேயிலை வரியை ஒரே அடியாக 12.5 சதவீதத்துக்கு இறக்கினார். தேயிலைக் கடத்தல் படுத்துவிட்டது. ஆனால் சாராயமும் புகையிலையும் வந்துகொண்டுதான் இருந்தன. கடைசியில் 1822இல், தனித்தனியாக இயங்கிக்கொண்டிருந்த தடுப்புப் படைகளை ஒன்றாக்கிக் கடலோரக் காவல் படையை அமைத்தார்கள். அதன் ஆட்கள் ராத்திரி முழுக்கக் கரையோரம் ரோந்து நடக்க வேண்டும். ஒரு குடாவைக்கூட விடாமல் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். குறுக்கு வழியில் போனால் வேலைக்கு ஆகாது. அதனால்தான் அந்தப் பாதை இன்றைக்கும் பாறை விளிம்பை விட்டு நகராமல், ஒவ்வொரு மடிப்பிலும் இறங்கி ஏறுகிறது. காவலர்களை அவர்களுடைய சொந்த ஊர்ப்பக்கம் போடமாட்டார்கள், சொந்தக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்துவிடுவார்களே! வந்த ஊரில் அவர்களோடு ஒட்டுறவு இல்லை. அவர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளைக் கரையோரத்தில் இன்றும் பார்க்கலாம்.

அவர்கள் மட்டும்தான் நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. நியூகீ ஊரின் முனையில் வெள்ளையடித்த சின்னக் கல்வீடு ஒன்று நிற்கிறது. மத்தி மீன் கூட்டம் வருகிறதா என்று மேலிருந்து பார்த்துக் கீழே இருக்கும் படகுகளுக்குக் குரல் கொடுக்கும் ஆள் நின்ற இடம் அது. போட்டலாக்கில் கடலுக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டித் தகரமும் செம்பும் எடுத்தவர்கள் நடந்தார்கள். கடத்தியவர், பிடிக்க வந்தவர், மீன் பார்த்தவர், சுரங்கத்தில் இறங்கியவர் என்று எல்லாருடைய காலும் பட்டுத்தான் அந்தத் தடம் தேய்ந்தது. அதில் ஒருவர்கூட அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை.

கரையில் இப்படி அரசின் தேவையால் ஒரு பாதை பிழைத்தது. உள்நாட்டில் கதையே வேறு.

1604 முதல் 1914 வரை, பொதுநிலங்களை வேலியடைத்துத் தனிச் சொத்தாக்க நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமான நிலம் அப்படி வேலிக்குள் போனது. மாடு மேய்த்த இடத்தோடு, சுள்ளி பொறுக்கப் போன வழியும் பல ஊர்களில் போனது. 1815இல் வந்த ஒரு சட்டம் இன்னும் விசேஷம். ஒரு நடைபாதை தேவையில்லை என்று இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கருதினால் மூடிவிடலாம். மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்திருந்தவர்கள் யார்? பெரும்பாலும் உள்ளூர் நிலச்சுவான்தார்களே.

வேலியடைத்த மேட்டுநிலங்களில் பலவற்றைக் க்ரௌஸ் என்ற காட்டுப்பறவையைச் சுடுவதற்காக வைத்துக்கொண்டார்கள். வருடத்தில் சில மாத வேட்டைக்காக, மீதி நாளெல்லாம் காவலாளிகள் கம்போடு நின்றார்கள். கீழே மான்செஸ்டர், ஷெஃபீல்ட், போல்டன் ஆலைகளில் வாரம் முழுக்கப் புகை குடித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அண்ணாந்து பார்த்தால் மலை தெரியும், ஏறினால் விரட்டுவார்கள். 1896இல் போல்டன் அருகே வின்டர் ஹில்லுக்குப் போகும் பாதையை நில உரிமையாளர் அடைத்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேஃபீல்ட் ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரியில் நானூறு பேர் அளவில் கூடினார்கள். பாறைமேல் ஏறிப் பேசியவர் பென்னி ரோத்மன். வயது 20, மான்செஸ்டரில் மெக்கானிக். அவர் பேசுவதாகவே இல்லை. பேச வேண்டியவர் வராததால் அவர் ஏறினார். பேசி முடித்ததும் கூட்டம் கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டை நோக்கி நடந்தது. வழியில் காவலாளிகளோடு கொஞ்சம் கைகலப்பு. இறங்கி வந்தபோது போலீஸ் காத்திருந்தது.

அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பது அங்கே குற்றமே இல்லை, வெறும் சிவில் விவகாரம். அதனால் கலவரம், சட்டவிரோதக் கூட்டம் என்று வழக்குப் போட்டார்கள். ஜூரியில் பெரும்பாலும் ராணுவ அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும். ஐந்து பேருக்கு இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை சிறை. ரோத்மனுக்கு நான்கு மாதம். பழைய நடைச் சங்கங்களே இந்த இளைஞர்களைக் கண்டித்தன. 'கேட்டு வாங்குவதைக் கெடுத்துவிட்டார்களே' என்ற கவலை அவர்களுக்கு. ஆனால் ஒரு நடைக்காகச் சிறையா என்று பொதுமக்கள் பக்கம் மாறிக்கொண்டது.

கிண்டர் நடை மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தது என்றால் அது மிகை. மலைகளுக்குப் போகும் உரிமை கேட்டு 1884இலேயே ஜேம்ஸ் பிரைஸ் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்திருந்தார். அதன் பிறகும் மசோதாக்கள் வந்து வந்து செத்தன. நடந்தவர்களும் எழுதியவர்களும் மசோதா போட்டவர்களும் சேர்ந்துதான் 1949இன் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. எந்தெந்த வழிகள் மக்களுக்குரியவை என்று அந்தந்த நிர்வாகமே வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும் என்றது அது. நெடுந்தூர நடைபாதைகளுக்கும் வழி செய்தது. அதில் முதலாவதான பென்னைன் வே 1965இல் திறக்கப்பட்டது. நாள் என்ன தெரியுமா? ஏப்ரல் 24. கிண்டருக்குச் சரியாக 33 வருடம் கழித்து. ரோந்துக்காரர்களின் கடற்கரைத் தடமும் பகுதி பகுதியாகச் சேர்க்கப்பட்டு 1978இல் முழுமையானது.

இந்தச் சட்டங்களின் அடியில் ஒரு பழைய கருத்து இருக்கிறது. ஒரு வழியில் மக்கள் 20 வருடம் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்திருந்தால், அது பொதுவழியாக விடப்பட்டது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். கேட்டு நடந்தால் சலுகை, கேட்காமல் நடந்தால் உரிமை. தமிழில் இது புரிவது சுலபம். 'வழக்கு' என்ற ஒரே சொல்லை நாம் பழக்கத்துக்கும் வைத்திருக்கிறோம், நீதிமன்ற விவகாரத்துக்கும் வைத்திருக்கிறோம். அங்கே வழக்கமாக நடந்ததுதான் வழக்கில் சாட்சி. பத்திரம் இல்லாதவன் தன் காலையே பத்திரமாகக் காட்டலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வரைபடத்தில் ஏறாத பாதைக்காக வாதாடச் சாட்சி வேண்டும். அதில் நடந்த கிழவரும் கிழவியும் இறந்துபோனால் சாட்சி போயிற்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 1,40,000 மைல் பொதுவழிகள் பதிவில் இருக்கின்றன. பதிவில் ஏறாமல் விடுபட்ட வழிகளைப் பழைய வரைபடங்களில் தேடித் தன்னார்வலர்கள் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதையை மூட வேலி வேண்டும் என்பதில்லை, மறந்தாலே போதும்.

2002 ஏப்ரலில், கிண்டர் நடையின் 70ஆம் ஆண்டு விழாவில் டெவன்ஷயர் பிரபு வந்து, தன் தாத்தா செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். ரோத்மன் அங்கே இல்லை. அந்த ஜனவரியில்தான் 90 வயதில் இறந்திருந்தார்.

2009இல் இங்கிலாந்தின் கடற்கரை முழுவதற்கும் ஒரு நடைபாதை வேண்டும் என்று சட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. கடல் அரித்துக் கரை சரிந்தால் பாதையும் உள்பக்கம் நகர்ந்துகொள்ளலாம். பழைய பாதையில் அப்படியில்லை, விளிம்பு இடிந்தால் வழியும் கடலோடு போய்விடும், திரும்பவும் உரிமையாளரிடம் பேரம் பேச வேண்டும். இப்போது தடம் தண்ணீருக்குள் போனாலும் நடப்பவரின் உரிமை ஓரடி தள்ளி வந்து நின்றுகொள்கிறது.