ஈஸ்டர்லின் முரண்
ஒரு நாட்டின் வருமானம் நெடுங்காலம் உயர்ந்தாலும் மக்களின் மகிழ்ச்சி அதே அளவில் உயர்வதில்லை என்னும் கருத்து. அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-இல் முன்வைத்தார். ஒரே நாட்டுக்குள் பணக்காரர் ஏழையைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகவே அவர் சொன்னார். நாடு முழுவதும் செழித்தால் மட்டும் அந்த ஏற்றம் தெரிவதில்லை. பக்கத்து வீட்டோடு ஒப்பிடும் பழக்கமும், வசதி வரவர ஆசையும் வளர்வதும் காரணம் என்றார். 2008-இல் பொருளியலாளர்கள் ஸ்டீவன்சன், வுல்ஃபர்ஸ் இருவரும் இதை மறுத்தனர். வழக்கு இன்னும் தீரவில்லை.

வருமானம் ஏறினால் மகிழ்ச்சியும் ஏறுமா என்ற கேள்விக்குத் திருவள்ளூர் மாவட்டம் நல்ல உரைகல். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளில் வடமாநிலத் தொழிலாளர் பலர் குடும்பத்தைப் பிரிந்து உழைக்கின்றனர். உற்பத்திக் கணக்கில் உருக்கிய இரும்பு ஏறும். பிரிவும் உலைப்புகையும் ஏறா. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஐபோன் ஆலைப் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனை சென்றனர். தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வல்ல. நல்ல சோறும் ஒழுங்கான தங்குமிடமும்.

மகிழ்ச்சியை நேரடியாக அளக்கும் முயற்சியும் உண்டு. உலக மகிழ்ச்சி அறிக்கை, தன் வாழ்வுக்கு ஒருவரே 0 முதல் 10 வரை இடும் மதிப்பெண்ணைக் கொண்டு நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2025 பட்டியலில் இந்தியா 118-ஆம் இடம். பெரும் பணக்கார நாடல்லாத கோஸ்டா ரிகா 6-ஆம் இடம்.