கண்ணாடிச் சாடியும் வீட்டு மொழியும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி நிகழும் காட்சி ஒன்றுண்டு. வீட்டிலுள்ள மூதாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். மருத்துவர் தெலுங்கில் பேசுகிறார். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறார். மூதாட்டி கடைத்தெருத் தெலுங்கை நன்கு அறிந்தவர்தாம். ஆயினும் தம் உடலைப் பற்றி எண்ணுவதும் அஞ்சுவதும் தமிழிலேயே. அருகில் நிற்கும் பேரப்பிள்ளை, "ஈரல் கெட்டிருக்கிறதாம், பாட்டி" என்கிறான். "கெட்டிருக்கிறது என்றால் எப்படியடா?" என்று அவர் கேட்கிறார். பிள்ளையால் விடை கூற இயலவில்லை. அவன் பள்ளியில் உடற்கூற்றைப் படித்தது வேறு மொழியில். அதனை வீட்டு மொழியில் ஒருநாளும் அவன் சொல்லிப் பார்த்ததில்லை.

கற்றோர் அறைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் இடையே உள்ள இந்தத் தொலைவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அதனைக் குறைக்க முயன்றவர்களின் வரலாறும் நீண்டதே. அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம், நம் சித்தூரும் திருப்பதியும் சென்னை ராஜதானியில் அடங்கியிருந்த காலத்தில் தொடங்குகின்றது. அந்நாளில் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகராக விளங்கியது சித்தூரே. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. 2022-இல் திருப்பதி அதனின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் வீட்டு மொழி மாறாதிருக்கும் குடும்பங்கள் இன்றும் இங்கே பல. ஆதலின் இவ்வரலாறு நமக்கு அயலார் வரலாறு ஆகாது.

முதலில், மருத்துவ அருங்காட்சியகம் என்பது யாது என்று காண்போம். மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூற்றியல் துறையிலும் நோய்க்குறியியல் துறையிலும் ஒரு நீண்ட கூடம் இருக்கும். அதன் அடுக்குகளில் கண்ணாடிச் சாடிகள் வரிசையாக நிற்கும். ஒன்றில் முடிச்சு முடிச்சாகச் சுருங்கி இறுகிய ஈரல். மற்றொன்றில் புகையின் கரி படிந்த நுரையீரல். வேறொன்றில் மாரடைப்பு வந்து ஆறியபின் வெண்டழும்பு பதிந்த இதயம். நூலில் பத்துப் பக்கம் படித்தும் மனத்தில் பதியாத செய்தி, இச்சாடியின் முன் சில நிமிடம் நின்றால் விளங்கிவிடும். திருப்பதியில் 1960-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி முதலாக, இவ்வட்டாரத்துக் கல்லூரிகளில் பயிலும் மாணவர் யாவரும் இத்தகைய கூடங்களைக் கடந்தே மருத்துவராகின்றனர்.

ஒரு சாடியைச் சமைப்பது எளிய வேலையன்று. உறுப்பு அழுகாமலிருக்க முதலில் அதனைப் பார்மலின் கரைசலில் ஊறவிட வேண்டும். பார்மலின் வழக்கிற்கு வந்தது 1890-களில்தான். அதற்கு முன் சாராயச் சத்திலேயே உறுப்புகளைக் காத்து வந்தனர். வெறும் பார்மலினில் இட்டால் உறுப்பு நிறம் வெளிறிப்போகும். எனவே இயல்பான நிறம் மீளும்படி ஜெர்மானிய அறிஞர் கைசர்லிங் வகுத்த முறையைக் கையாண்டு, இறுதியில் கிளிசரின் கலந்த நீரில் அமைத்து, சாடியை மூடி முத்திரையிடுவர். அதன்பின் எண் இட வேண்டும். பதிவேட்டில் குறிக்க வேண்டும். யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் என்று சுருங்க எழுத வேண்டும். இக்குறிப்பு இல்லாத சாடி ஊமைச் சாடியே. காப்பாளரின் புலமை முழுவதும் அந்தச் சிறு சீட்டில் அடங்கியிருக்கின்றது எனலாம்.

இப்பணிக்கே வாழ்நாளை அளித்தவருள் முதலில் நினைக்கத் தக்கவர் கனடா நாட்டு அம்மையார் மாட் அபட். பெண் என்னும் காரணத்தால் மக்கில் பல்கலைக்கழகம் அவரை மருத்துவ மாணவியாகச் சேர்க்க மறுத்தது. வேறு கல்லூரியில் 1894-இல் பட்டம் பெற்ற அவரை, பின்னர் அதே மக்கில் தன் மருத்துவ அருங்காட்சியகத்தைப் பேண அமர்த்திக்கொண்டது. பிறர் பொருட்படுத்தாத சாடிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அவர் வகைப்படுத்தினார். மாணவர் அவரிடம் பாடங் கேட்கக் கூடினர். பிறவியிலேயே பழுதுற்ற ஆயிரம் இதயங்களின் செய்தியைத் தொகுத்து 1936-இல் அவர் வெளியிட்ட நூல், இதய நோய் மருத்துவத்திற்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டே அவர் ஓய்வு பெற்றார். அப்போதும் அவர் வகித்த பதவி துணைப் பேராசிரியர் என்பதே. அருங்காட்சியகப் பணிக்குக் கல்வி உலகில் கிடைக்கும் மதிப்பு எத்தகையது என்பதற்கு இதுவே சான்று.

இனி நம் ராஜதானிக்கு வருவோம். 1813-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சென்னைப் படையில் மருத்துவராகச் சேர்ந்தவர் எட்வர்ட் பால்ஃபர். சென்னை இலக்கியச் சங்கம் அளித்த ஏறத்தாழ 1,100 கல், கனிமப் பொருள்களைக் கொண்டு 1851-இல் நுங்கம்பாக்கத்தில் அரசாங்க அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது, அதன் பொறுப்பை ஏற்றவர் அவரே. சில ஆண்டுகளில் அது எழும்பூரிலுள்ள பாந்தியன் மாளிகைக்கு மாறிற்று. இன்றும் அது அங்கேதான் இருக்கின்றது.

பொருள்களைச் சேர்ப்பதோடு பால்ஃபர் அமைதியடைந்துவிடவில்லை. எவர் வருகின்றனர், எதைக் காண நிற்கின்றனர் என்பதையும் கருதினார். உயிருள்ள ஒரு சிறுத்தைக் குட்டியும் ஒரு புலிக்குட்டியும் அங்கு வைக்கப்பட்டபோது மக்கள் கூட்டம் பெருகக் கண்டார். இதிலிருந்தே சென்னையின் விலங்குக் காட்சிச்சாலை முளைத்தது. புலிக்குட்டியைக் காண வந்த குடியானவன், போகும் வழியில் கல்லையும் எலும்பையும் கண்டு செல்வான். எழுத்தறியாதவனுக்கும் கண் உண்டு என்பதை உணர்ந்த மருத்துவர் அவர்.

ஆனால் கண் மட்டும் போதுமா? போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். கான்க்வெஸ்ட் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய பிரசவ மருத்துவ நூலை அவரே இந்துஸ்தானியில் பெயர்த்தார். அந்நூலைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பெயர்க்கச் செய்து அச்சிடுவித்தார். அவர் எந்த நூலைத் தேர்ந்தார் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைப்பேற்றில் தாய்மார் மாண்டுபோவது அந்நாளில் வீடுதோறும் நிகழ்ந்த துயரம். அத்துயரம் எந்த மொழியில் அழுததோ அந்த மொழியிலேயே மருந்தும் பேச வேண்டும் என்பது அம்முயற்சியின் பொருள். சர்ஜன் ஜெனரல் பதவிக்கு உயர்ந்தபின், பெண்களுக்கு மருத்துவக் கல்வி அளிக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது. மேரி ஷார்லீப் உட்பட நால்வர் அங்கே பயிலத் தொடங்கினர்.

இதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் மற்றொரு மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1847-இல் அமெரிக்காவிலிருந்து அங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். 1860-களில் பாடம் முழுவதையும் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டார். உடற்கூற்றியல், அறுவை மருத்துவம், பிரசவ மருத்துவம், வேதியியல் எனத் துறைதோறும் நூல்களை அவரும் அவர்தம் மாணவரும் தமிழாக்கினர். அவற்றின் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்படும். 'மனுஷ அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்' என்னும் பெயர்களே அவர்தம் உழைப்பைக் காட்டும். தமிழில் இக்காலக் கல்வி இயலுமா என்று ஐயுறுவோர்க்கு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அயல்நாட்டார் செயலால் விடையளித்துவிட்டார்.

எனினும் அருங்காட்சியகத்தின் வரலாறு முழுதும் இவ்வாறு ஒளி நிறைந்ததன்று. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மருத்துவம் பயின்றவர்; சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையும் நிகழ்த்தியவர். உழைப்பில் அவர் பால்ஃபருக்குக் குறைந்தவரல்லர். ஆயினும் அவர் கருவி எடுத்து மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, குலவாரியாகக் கணக்கெழுதினார். கா. ரங்காச்சாரியின் துணையுடன் 1909-இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பயனுள்ள செய்திகள் பல உண்டு. ஆனால் மூக்கின் அளவால் மக்களை உயர்வு தாழ்வென வரிசைப்படுத்த முயன்ற கொள்கையை அறிவியல் பின்னர் தள்ளிவிட்டது. பால்ஃபர் அருங்காட்சியகத்திற்கு மக்களை வரவழைத்தார். தர்ஸ்டன் கையில் அம்மக்களே காட்சிப் பொருளாயினர்.

இந்த எச்சரிக்கை இன்றைக்கும் உரியது. சாடிக்குள் இருப்பது ஒரு காலத்தில் ஒரு மனிதரின் உடல். உரிமை கோருவாரின்றிக் கிடந்தவரோ, மனமுவந்து தம் உடலை அளித்தவரோ, யாராயினும் அவர் நமக்கு ஆசிரியர். அவரிடமிருந்து கற்றதை அவரைப் போன்ற எளியோரின் வீட்டிற்குக் கொண்டுசேர்ப்பதே அவருக்கு நாம் ஆற்றும் கைம்மாறு. கல்லூரிச் சுவருக்குள்ளேயே அது நின்றுவிடுமாயின், நாமும் அளந்து எழுதியவர் பக்கமே நிற்கிறோம்.

இன்று திருப்பதியில் இதற்கு வாய்ப்புகள் பெருகியுள்ளன. மலையடிவாரத்தில் அலிபிரிக்கு அருகே, தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுவின் வட்டார அறிவியல் மையம் 1993 முதல் இயங்கிவருகின்றது. மலையேற வரும் குடும்பங்கள் எழும்பூர்ப் புலிக்குட்டியைக் காண வந்தவர்களைப் போல, வழியில் அறிவியலையும் கண்டு செல்லலாம். 2014-இல் இந்நகரில் பெண்களுக்கென்றே பத்மாவதி மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1875-இல் நால்வராய்த் தொடங்கிய வழியில் இன்று நம் வீட்டுப் பெண்கள் நடக்கின்றனர்.

கூடங்கள் உள்ளன, சாடிகள் உள்ளன, கற்ற பிள்ளைகளும் உள்ளனர். எஞ்சியிருப்பது பாட்டியின் கேள்வி ஒன்றே. அதற்கு விடை கூறும் பொறுப்பை வேற்று மாநிலத்தில் வாழும் நாம் அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவிட இயலாது. தெலுங்கில் பயிலும் நம் பிள்ளை தெலுங்கை ஆழ்ந்து கற்கட்டும். இந்நாட்டு மக்களுக்கு அவன் மருத்துவம் பேச வேண்டிய மொழி அதுவே. அதனோடு, கற்றதை வீட்டில் ஒருமுறை தமிழில் சொல்லவும் நாம் அவனைப் பழக்க வேண்டும். கணையம், ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் என்னும் சொற்கள் அவன் நாவில் இருக்க வேண்டும்.

மருத்துவம் பயிலும் மகளோ மகனோ விடுமுறைக்கு வந்திருக்கும் மாலைப்பொழுதில், திண்ணையில் அமர்ந்து இவ்வாறு கேட்டுப் பார்ப்போம்: "அந்தக் கண்ணாடிச் சாடியில் என்ன கண்டாய்? பாட்டிக்கு விளங்கும்படி சொல்." முதல் நாள் சொற்கள் தடுமாறும். தடுமாறினால் என்ன? "மெல்லென்றிருக்க வேண்டிய ஈரல், பாட்டி, காய்ந்த பாகற்காய் போல முடிச்சு முடிச்சாக இறுகிவிடும். அதனால்தான் வயிற்றில் நீர் கோக்கிறது" என்று அவர்கள் சொல்லும் நாளில், பாட்டி அஞ்சுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டிருப்பார். மருத்துவர் மறுமுறை உப்பைக் குறைக்கச் சொல்லும்போது, எதற்காகக் குறைக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.