வேட்டியும் பள்ளிக்கூடமும்: ராஜாஜி ஆட்சி பற்றி மரபு நோக்கில் ஒரு மதிப்பீடு

1950 ஜனவரி 26 அன்று கவர்னர் ஜெனரல் பதவி ஒழிந்து குடியரசுத் தலைவர் பதவி பிறந்தது. பழைய பதவியில் கடைசியாக இருந்த சி. ராஜகோபாலாச்சாரியே புதிய பதவிக்கும் வர வேண்டும் என்று நேரு விரும்பினார். ஆனால் 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் ராஜாஜி சேராமல் விலகி நின்றதைக் காங்கிரஸ்காரர்கள் மறக்கவில்லை. ராஜேந்திர பிரசாத் வந்தார். நாட்டின் தலைமைப் பதவியை விட்டிறங்கிய ராஜாஜி இரண்டே ஆண்டுகளில் சென்னை மாநில முதலமைச்சராகக் கோட்டைக்குள் நுழைந்தார். 1954 ஏப்ரலில் அங்கிருந்தும் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 75. அதன்பின் எந்த ஆட்சிப் பதவியிலும் அவர் அமரவில்லை.

அவர் விட்டுச்சென்றதை மதிப்பிடுவதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்றுக்கு, அவருடைய 1953 கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பாளர்கள் வைத்த 'குலக்கல்வி' என்ற ஒரு சொல்லே போதும். மற்றொன்று நேராக 1959க்குத் தாவி, அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சியையும் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ஆட்சிக்கு எதிரான அவருடைய எழுத்துகளையும் கொண்டாடும். மரபைப் பேணும் அரசியலில் பற்றுள்ளவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்சி. ஆனால் அதிகாரம் கையில் இருந்தபோது ஒருவர் செய்ததை விட்டுவிட்டு, அது கையில் இல்லாதபோது எழுதியதைக் கொண்டு அவரை அளப்பது சரியான முறையாகத் தோன்றவில்லை. 1937-39, 1952-54 என்ற இரு ஆட்சிக் காலங்களையும் எடுத்துக்கொண்டு, அன்றைய சேலம் மாவட்டம் திருச்செங்கோடு வட்டத்தில் இருந்த குமாரபாளையத்தின் பக்கமிருந்து பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. நான் கையாளும் அளவுகோல் எட்மண்ட் பர்க் காலத்திலிருந்து மரபுவாதிகள் சொல்லிவருவதுதான்: இருப்பதை இடிக்காமல் திருத்தினாரா, சிறிதாகச் செய்து பார்த்துப் பிறகு பரப்பினாரா, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுச் செய்தாரா?

குமாரபாளையத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காவிரியின் இக்கரையில் இது, அக்கரையில் பவானி. இரண்டுமே தறி ஊர்கள். ராஜாஜிக்கு இந்தப் பகுதி வெறும் தேர்தல் வரைபடமாக இருந்ததில்லை. சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சித் தலைவராக இருந்தவர், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து அங்கேயே குடியிருந்தார். ஆசிரமத்தைத் திறந்துவைத்தவர் ஈ.வெ.ரா. பெரியார். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே ஆசிரமத்துக்காரரின் கல்வித் திட்டத்தைப் பெரியார்தான் முன்னின்று எதிர்த்தார். தமிழ்நாட்டு அரசியலில் இதைவிடச் சுவையான நட்பும் பகையும் குறைவு.

முதல் ஆட்சியில் அவர் கைவைத்தது கள்ளில். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற இதழை நடத்தியவர் அவர். எழுத்தாளர் கல்கி அதில் அவரோடு உழைத்தார். கொள்கை உறுதி இருந்தும் மாகாணம் முழுவதையும் ஒரே நாளில் மூடாமல், தனக்குத் தெரிந்த ஒரு மாவட்டத்தில் தொடங்கினார். 1938இல் சித்தூர், கடப்பை, அடுத்து வட ஆர்க்காடு என்று ஒவ்வொன்றாக நீட்டினார். வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அப்படி ஒரு வரி அதுவே முதல். வரியைக் குறை என்று பிற்காலத்தில் முழங்கிய தலைவர்தான் இன்றைய ஜிஎஸ்டிக்கு முன்னோடியைப் பெற்றுப்போட்டார். என்றாலும் செலவுக்கு வழி சொல்லாமல் சீர்திருத்தம் பேசாத அந்த ஒழுங்கை நான் வரவிலேயே வைப்பேன். கள் இறக்கிப் பிழைத்தவர்களின் இழப்பு பற்றாக இருக்கிறது. பனங்கருப்பட்டி காய்ச்சச் சொன்னது அவர்களில் பலருக்கு ஈடாகவில்லை.

கோயில் நுழைவிலும் அதே நடைமுறைதான். 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றார். அதன் பிறகு, கோயிலைத் திறந்துவிட்ட நிர்வாகிகளைச் சட்டம் தண்டிக்காதபடி அரசு பாதுகாப்பு அளித்தது. முதலில் ஊர் நகர, பின்னால் சட்டம் வந்தது.

1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வேறு கதை. உழவனின் வட்டிச் சுமையை அது வெட்டியது. ஆனால் அதன் பயனைப் பெற 'விவசாயி' என்ற வரையறைக்குள் வர வேண்டும்; நிலத்தில் உரிமை இருக்க வேண்டும். காணி நிலமில்லாமல் முதலாளியிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்த தறிக்காரனுக்கு அதில் இடமில்லை. குமாரபாளையத்தில் 'பாக்கி' என்று சொல்லப்படும் முன்பணம் பின்னாளில் விசைத்தறித் தொழிலாளியையும் பட்டறையோடு கட்டிப்போட்டது. பணம் வாங்கியவர் அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. புது முதலாளி பழைய பாக்கியை அடைத்துத்தான் ஆளைக் கூட்டிப்போக வேண்டும். நிலம் வைத்திருப்பவனைச் சமூகத்தின் தூணாகக் கண்ட மரபுவாதக் கண்ணுக்கு, சொத்தே இல்லாத உழைப்பாளியின் கடன் தெரியாமல் போனது.

1952இல் நிலைமை வேறு. 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152தான். ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமிக்க, அந்த வழியாக அவர் முதல்வரானார். தேர்தலில் நிற்காமலே வந்த இந்த வருகையை எந்த மரபுவாதியும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஜூனில் உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். ரேஷன் போனால் பஞ்சம் வரும் என்று பயந்தவர்கள் பயந்தபடி நடக்கவில்லை. அதே ஆண்டு தஞ்சைப் பண்ணையாள்களையும் குத்தகைதாரர்களையும் வெளியேற்றத்திலிருந்து காக்க அவசரச் சட்டம் போட்டு மிராசுதாரர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். ஆந்திரப் பிரிவினையும் அவர் காலத்தில்தான், 1953 அக்டோபர் 1இல் நடந்தது.

குமாரபாளையத்துக்கு அந்த ஆட்சியின் பெரிய செய்தி வேட்டி. அன்றைய நெசவு வீட்டை நினைத்துப் பார்த்தால்தான் இது புரியும். குழித்தறியில் உட்கார்ந்து அப்பா மிதியை மிதித்து நாடாவை ஓட்டுவார். அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். பையன் அறுந்த இழையைப் பிணைப்பான். பாவு ஓட்ட வீடு போதாது, தெரு வேண்டும். கஞ்சி போட்டு உலர்த்த அக்கம்பக்கத்து ஆள்களும் வேண்டும். இத்தனை பேர் உழைப்பில் இறங்கும் துணியை மில் வேட்டி விலையில் அடித்தது. கைத்தறிக்கு நூல் தருவதும் மில், போட்டிக்கு வேட்டி நெய்து சந்தையில் இறக்குவதும் அதே மில். 1952இல் துணி தேங்கியது. நெசவாளர் குடும்பங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றன. 1953 தொடக்கத்தில் அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள்.

வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும், மில்கள் அவற்றை நெய்யக் கூடாது என்று ராஜாஜி மத்திய அரசிடம் கேட்டார். வர்த்தக, தொழில் அமைச்சராக இருந்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சென்னைக்காரராக இருந்தும் இதற்கு அவர் எளிதில் இணங்கவில்லை. முழு ஒதுக்கீடு கிடைக்கவில்லை. மில்கள் தங்கள் முந்தைய வேட்டி உற்பத்தியில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1952 டிசம்பரில் உத்தரவு வந்தது. அதற்குச் சற்று முன் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை, அதாவது அன்றைய கணக்கில் கால் அணா, கூடுதல் வரி விதித்துக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட 1953இல் சட்டம் வந்தது.

சுதந்திராக் கட்சி மேடையில் வேறு யாராவது இப்படி ஒரு கோரிக்கை வைத்திருந்தால் ராஜாஜியே கிழித்திருப்பார் என்று சொல்வார்கள். எந்த ஆலை எதை நெய்யலாம் என்று அரசு சொல்வது கோட்டா அல்லாமல் வேறென்ன? முரண் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சந்தையைக் காப்பது அவருடைய முதல் நோக்கமாக இருந்ததே இல்லை. வீட்டுக்குள் இருக்கும் சிறு சொத்து, அதைச் சுற்றிய குடும்ப உழைப்பு, அதனால் ஊர் கலையாமல் இருப்பது: இதைத்தான் அவர் காக்க நினைத்தார். இங்கிலாந்தில் செஸ்டர்டன், பெல்லாக் போன்றவர்கள் சிறு உடைமையைப் பரப்பச் சொன்னதற்கு இது பக்கத்துவீடு. பெரும் ஆலையையும் பெரும் அரசையும் ஒரே சந்தேகத்தோடு பார்த்த ஒருவர் 1952இல் ஆலையை எதிர்த்தார், 1959இல் அரசை எதிர்த்தார். இங்கே அவர் படிப்படியாகப் போனார். கேட்டதில் பாதி கிடைத்தபோது அதை வாங்கிக்கொண்டார்.

கல்வித் திட்டத்தில் இந்தப் பொறுமை எங்கே போனது? 1953 ஜூனில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாணவனுக்கு நாளுக்கு மூன்று மணி நேரப் படிப்பு, இரண்டு ஷிப்ட், மீதி நேரம் பெற்றோரின் தொழிலில் பழக்கம் என்று அறிவித்தார். பத்தாண்டுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்று அரசியல் சட்டம் சொல்கிறது, ஆசிரியருமில்லை பணமுமில்லை, இருக்கும் பள்ளியில் இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்க வேறு வழியில்லை என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சட்டமன்றத்தின் சம்மதம் இல்லை, சொந்தக் கட்சியைத் தயார் செய்யவில்லை, சேலத்தில் மதுவிலக்கைச் செய்து பார்த்ததுபோல் ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்கவும் இல்லை. ஜூலையில் தி.மு.க. இத்திட்டத்துக்கும் எதிராக மும்முனைப் போராட்டத்தில் இறங்கியது. அதே மாதம் திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு பார்க்கட்டும் என்று சட்டமன்றமே சொன்னது. அப்படி அமைந்த பாருலேக்கர் குழு திட்டத்துக்குச் சாதகமாகப் பேசியும் காங்கிரஸுக்குள் எதிர்ப்பு அடங்கவில்லை. ராஜாஜி விலகினார். 1954 ஏப்ரல் 13 அன்று காமராஜ் பதவியேற்றார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் பிற்போக்கானது என்பது எதிர்க்கட்சிகளின் குற்றச்சாட்டு. மரபு நோக்கில் நான் வைக்கும் குற்றச்சாட்டு வேறு. கோடிக்கணக்கான வீடுகளின் அன்றாடத்தை மேசையில் உட்கார்ந்து ஒரே உத்தரவில் மாற்றலாம் என்று நினைப்பது திட்டக் கமிஷன்காரர்களின் பழக்கம். அவர்களைக் கடைசிவரை கண்டித்தவர், கல்வியில் அவர்களைவிட வேகமாக ஓடினார். ஊரின் சாதி அடுக்கைப் பற்றிய கணிப்பும் தவறியது. தறிக்காரன் மகனுக்குத் தறி என்பது சேர்வராயன் மலையைப் போல அசையாது என்று திட்டம் எடுத்துக்கொண்டது. குமாரபாளையமோ எதிர்த்திசையில் போனது. செங்குந்தர், தேவாங்கர் என்று மரபாக நெய்தவர்களோடு கவுண்டர், வன்னியர், பட்டியல் சாதியினர் எனப் பலரும் விசைத்தறிக்கு வந்தார்கள். அப்பனிடம் கற்காமல், பட்டறையில் கூலிக்குச் சேர்ந்து தொழில் கற்றார்கள். தொழில் கைமாறியது பிறப்பு வழியில் அல்ல, கூலி வழியில். நெசவு வீட்டுப் பிள்ளையோ தார்க்குச்சியை வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனது.

கைத்தறியிலும் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. மத்திய அரசின் கனுங்கோ குழு 1954இல் கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றச் சொன்னது. குழு சொன்ன ஒழுங்கில் இல்லாவிட்டாலும், கடன் வாங்கியும் பழைய தறியை விலைக்கு வாங்கியும் குமாரபாளையம் தானாகவே அந்த வழியில் போனது. மதுவிலக்கும் நிலைக்கவில்லை. 1971இல் அதைத் தளர்த்த வேண்டாம் என்று 92 வயதில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய்க் கேட்டார், தளர்வு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 25இல் காலமானார்.

அவருடைய ஒதுக்கீட்டு வாதம் மட்டும் சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்தது. 1985இல் நாடாளுமன்றம் கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கும் சட்டம் இயற்றியது. அதன் கீழ் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. 1996இல் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. குறித்த தன்மையுள்ள வேட்டி, சேலை, லுங்கி, பவானிக்காரர்களின் ஜமக்காளம் எல்லாம் இன்னும் அதில் உண்டு. விசைத்தறியில் அவற்றை நெய்தால் வழக்கு. அதே விசைத்தறிக்கு மாநில அரசு 2006 முதல் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தந்து, 2023இல் அதை 1,000 யூனிட் ஆக்கியது.