மாமன்

மாமன் (மாமா, அம்மான்): தாயுடன் பிறந்தவனைக் குறிக்கும் தமிழ் உறவுப்பெயர். அத்தையின் கணவர், மனைவியின் அல்லது கணவனின் தந்தை ஆகியோரும் தமிழில் மாமாவே. இந்தியிலும் உருதுவிலும் மாமா என்றால் தாயுடன் பிறந்தவர் மட்டும். அத்தை கணவர் அங்கே பூபா. தாயின் சகோதரி கணவர் இந்தியில் மௌசா, உருதுவில் காலூ. தந்தையின் தம்பி சாச்சா. தமிழில் தாயின் சகோதரி கணவர் வயதுக்கேற்பப் பெரியப்பா அல்லது சித்தப்பா ஆகிவிடுவார்; தந்தையின் தம்பி சித்தப்பா.

மாமா என்ற சொல் தெற்கிலிருந்து வடக்கே போனதா, வடக்கிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. ஆழ்வார் பாசுரங்களில் அம்மான் இறைவனைச் சுட்டும். ஈழத்தில் அது இன்றும் தாய்மாமன்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாமனுக்கென்றே ஒரு படலம் உண்டு. மதுரை வணிகர் தனபதி, பிள்ளையில்லாமல் தங்கை மகனை வளர்க்கிறார். பின்னர் தவம் செய்யப் போய்விடுகிறார். தாயத்தார் சொத்தைப் பறிக்க, தாயும் பிள்ளையும் சொக்கநாதரிடம் முறையிடுகின்றனர். இறைவன் தனபதியின் வடிவில் வந்து மருமகனைக் கட்டியணைத்துக்கொண்டு வழக்காடுகிறார். துணையற்ற பிள்ளைக்காக இறைவன் பூண்ட வடிவம் மாமன் என்பது கருதத்தக்கது.

ஆய்வுலகில் இவ்வுறவுமுறைக்குப் பெயர் தேடித் தந்தவர் அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன். செனெகா பழங்குடியினரின் உறவுப்பெயர்களைத் தொகுத்திருந்த அவர், 1859-இல் தென்னிந்தியாவில் பணியாற்றிய ஸ்கடர் என்ற மறைப்பணியாளர் வழியே தமிழ்ப் பெயர்களைக் கேட்டறிந்தார். இரண்டிலும் தந்தையின் சகோதரர் தந்தை வரிசையில் நிற்க, தாயின் சகோதரர் தனியே பிரிந்திருந்தார். அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றோர் என்பதற்கு இதையே சான்றாக்கி 1871-இல் பெருநூல் வெளியிட்டார். உறவுப்பெயர் ஒற்றுமை அதற்குச் சான்றாகாது என்பது பின்வந்தோர் பலரின் கருத்து. 1953-இல் மானிடவியலாளர் லூயி துய்மோன் வேறு விளக்கம் தந்தார்: மாமன் என்பது முதலில் கொண்டுகொடுக்கும் உறவு, மாமன் மகள் முறைப்பெண் ஆவதும் மாமனாருக்கு அதே பெயர் வழங்குவதும் இதனால்தான். இவ்விளக்கம் மாமனை வெறும் சம்பந்தி ஆக்கிவிடுகிறது என்ற மறுப்பும் உண்டு. தாமஸ் டிரவுட்மனின் திராவிட உறவுமுறை நூல் (1981) இவ்விவாதத்தை விரிவாக ஆராய்கிறது.

1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மாமன் தன் சகோதரியின் மகளை மணப்பதை விலக்கினாலும், வழக்காறு இருப்பின் இடம் தருகிறது.

சடங்கிலும் மாமனுக்கு இடமுண்டு: காதுகுத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரும். ஆசாரி ஊசியை எடுத்ததும் தலையை மார்போடு அணைத்துப் பிடிப்பது மாமனின் கை. அண்மைக்காலத்தில் அயலாரை மாமா என்று அழைத்த இடங்களில் அங்கிள் புகுந்துள்ளது.